தலையைக் கொடுத்தவர்களுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? ஸ்காட்லாந்து கால்பந்து சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காட்லாந்து கால்பந்து சங்க நிர்வாகிகளுக்கும், லீக் கிளப்களை நடத்துபவர்களுக்கும்,

2025 நவம்பர் 18 அன்று ஹாம்ப்டன் பார்க்கில் டென்மார்க்கை 4-2 என்று அடித்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றீர்கள். ஆண்கள் அணிக்கு 1998க்குப் பிறகு இதுதான் முதல் முறை. அன்றைக்கு நாடே தூங்கவில்லை, நைட் ஷிஃப்ட்டில் இருந்த நானும்தான். முதல் சுற்றோடு ஊர் திரும்பினாலும் ஃபிஃபாவிடமிருந்து உங்களுக்கு வரும் தொகை 1 கோடி டாலருக்குக் குறையாது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, வருஷக்கணக்கில் பந்தைத் தலையால் முட்டி ஆடி முடித்து, டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்து, தாங்கள் ஆடினோம் என்பதையே மறந்துபோனவர்களுக்குப் போக வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் கிளாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கேர் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், வேலை பார்ப்பவன். சொந்த ஊர் தூத்துக்குடி. இதன் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியாக வரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கேர் விசாவில் இங்கே வந்து இந்த நாட்டுப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ராத்திரியில் கண்விழித்துப் பார்த்துக்கொள்கிறவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் கவனிப்பில் இருக்கும் ஒருவர் பழைய கால்பந்து வீரராக இருக்கலாம். அவருக்கு வந்திருப்பது வெறும் வயசு மறதி என்று அவர்களும் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

எங்கள் இல்லத்தில் ஒருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் சென்டர் ஹாஃப், அதாவது உயரே வரும் பந்தைத் தலையால் முட்டித் திருப்பும் நடு டிஃபெண்டர். பெயரும் கிளப்பும் சொல்ல மாட்டேன், குடும்பம் அதை விரும்பவில்லை. இங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், ஆனால் மனசுக்குள் அவர் தாத்தாதான். பகலில் தொழிற்சாலை வேலை, செவ்வாயும் வியாழனும் ராத்திரியில் பயிற்சி, சனிக்கிழமை மேட்ச். இந்த நாட்டுச் சின்னக் கிளப் வீரர்கள் பாதிப் பேருடைய வாழ்க்கை அப்படித்தான் ஓடியிருக்கிறது. கூரையிலிருந்து கயிற்றில் ஒரு பந்தைத் தொங்கவிட்டு, பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அதை முட்டிக்கொண்டே இருப்பாராம். அவர் மனைவி சொன்னது. சில சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவாராம், தலைவலி. மறுநாள் சரியாகிவிடுமாம்.

இல்லத்தில் பெரியவர்களை வட்டமாக உட்காரவைத்து பலூன் தட்டவைப்போம், கை அசைய வேண்டும் என்பதற்காக. மற்றவர்கள் கையால் தட்டுவார்கள். தாத்தாவின் கை மடியை விட்டு எழுந்திருக்காது. பலூன் அவர் பக்கம் வரும்போது கழுத்து விறைக்கும், தாடை இறுகும், கண் பலூனை விட்டு நகராது, சரியான நொடியில் நெற்றி முன்னால் போகும். பலூன் வந்த வழியே திரும்பிப் போகும். ஸ்பூனை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. டீயில் கெட்டிப்படுத்தும் பவுடர் கலக்காவிட்டால் புரையேறிவிடும். மனைவியைச் சில நாள் அடையாளம் தெரியும், பல நாள் தெரியாது. முட்டுவது மட்டும் போகவில்லை. முதல் தடவை பார்த்தபோது நாங்கள் கை தட்டினோம். அவர் மனைவி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் நாங்கள் கை தட்டுவதில்லை.

அவருடைய பழைய கிளப் அவரை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆண்டு விழா விருந்துக்கு அழைப்பிதழ் வந்தது, பழைய வீரர்கள் மேசைக்கு ஒரு இருக்கை என்ன விலை என்பதும் அதிலேயே அச்சிட்டிருந்தது. ஆனால் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை அவர் ஆடினார், எத்தனை மேட்ச், சம்பளம் கொடுத்ததற்கு என்ன சான்று என்று அவர் மனைவி எழுதிக் கேட்டபோது, பழைய பதிவேடுகள் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. விருந்துக்கு அழைக்க விலாசம் இருந்தது, சான்று கொடுக்கப் பதிவேடு இல்லையாம்.

சரி, பெயர் சொல்லாத ஒருவரை வைத்து ஒரு சங்கத்திடம் எப்படி வழக்காடுவது? அதனால் நீங்களும் நானும் அறிந்த ஒருவரைப் பற்றிப் பேசுவோம்.

பில்லி மெக்நீல். 1940 மார்ச் 2 அன்று பெல்ஷில் ஊரில் பிறந்தவர். 1957இல் கிளாஸ்கோவின் செல்டிக் கிளப்பில் சேர்ந்தார், 1975இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்ற கையோடு பூட்ஸைக் கழற்றினார், இடையில் வேறு எந்தக் கிளப்புக்கும் ஆடவில்லை. 700க்கும் மேற்பட்ட போட்டிகள். 9 லீக் பட்டங்கள், 7 ஸ்காட்டிஷ் கோப்பைகள், 6 லீக் கோப்பைகள். நாட்டுக்காக 29 போட்டிகள், அதில் முதலாவது 1961இல் வெம்ப்லியில் இங்கிலாந்திடம் 9-3 என்று வாங்கிக்கட்டிக்கொண்ட போட்டி. அப்படி ஒரு தொடக்கத்துக்குப் பிறகும் தலை நிமிர்ந்து நின்றவர். 1967 மே 25 அன்று லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார், அதைத் தூக்கிய முதல் பிரிட்டிஷ் கேப்டன் அவர்தான். அந்தக் கோலத்திலேயே செல்டிக் பார்க் வாசலில் அவருக்குச் சிலை நிற்கிறது.

சிலையின் கைகளைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், கோப்பை அங்கே இருப்பதால். நான் அவருடைய கோல்களைப் பார்க்கச் சொல்வேன். 1965 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டியில் டன்ஃபெர்ம்லினோடு 2-2. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது சார்லி கலாகர் அடித்த கார்னர், மெக்நீல் எழும்பி முட்டினார், 3-2. ஜாக் ஸ்டீன் மேனேஜராக வந்த பிறகு கிடைத்த முதல் கோப்பை அது, செல்டிக்கின் பொற்காலமே அங்கேதான் தொடங்குகிறது என்பார்கள். 1967 மார்ச்சில் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி, யூகோஸ்லாவியாவின் வொய்வோதினாவோடு. முதல் ஆட்டத்தில் தோற்றிருந்தார்கள், இரண்டாவது ஆட்டம் கடைசி நிமிடத்துக்கு வந்துவிட்டது, மறுபடியும் கலாகரின் கார்னர், மறுபடியும் மெக்நீலின் தலை. அந்த ஹெடர், அதாவது தலையால் முட்டிய அந்த அடி, இல்லாவிட்டால் லிஸ்பனே இல்லை. 1969 கோப்பை இறுதிப் போட்டியில் ரேஞ்சர்ஸுக்கு எதிராக இரண்டாவது நிமிடத்திலேயே கார்னரிலிருந்து ஒரு ஹெடர், முடிவில் 4-0. இவை கோலாகப் பதிவானவை. சென்டர் ஹாஃப் ஒருவர் வாரம் முழுக்கப் பயிற்சியிலும் ஆட்டத்திலும் நெற்றியால் திருப்பி அனுப்பும் பந்துகளை யாரும் எண்ணிவைக்கவில்லை. அதுவும் மழையில் ஊறிய தோல் பந்து, ஸ்காட்லாந்து மழையில்.

2017 பிப்ரவரியில் அவருக்கு டிமென்ஷியா என்று குடும்பம் வெளியே சொன்னது. ஒரு காலத்தில் டிரஸ்ஸிங் ரூமையே தன் குரலால் நடத்தியவருக்குப் பேச்சு குறைந்துபோயிருந்தது. 2019 ஏப்ரல் 22 அன்று, 79 வயதில் காலமானார். சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 29 அன்று, லிஸ்பனில் வெற்றிக் கோலைப் போட்ட ஸ்டீவி சாமர்ஸ் போனார். அவருக்கும் டிமென்ஷியா.

மெக்நீலுக்கு ஒரு வாரம் முன்னால், 1940 பிப்ரவரி 24 அன்று, அபர்டீனில் பிறந்தவர் டெனிஸ் லா. 1964இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருது வாங்கியவர், இன்று வரை அதை வாங்கிய ஒரே ஸ்காட்லாந்துக்காரர். தனக்கு அல்சைமரும் ரத்தக்குழாய் சார்ந்த டிமென்ஷியாவும் இருப்பதாக 2021இல் அவரே அறிவித்தார், 2025 ஜனவரியில் இறந்தார். லா எந்த ஸ்காட்லாந்து கிளப்புக்கும் ஆடியதே இல்லை, அவருடைய வாழ்க்கை ஹடர்ஸ்ஃபீல்டு, மான்செஸ்டர், டுரின் என்று போனது. மெக்நீல் எந்த இங்கிலாந்து கிளப்புக்கும் ஆடியதில்லை. இந்த வித்தியாசம் இப்போது எதற்கு என்று கேட்கலாம். 2023இல் இங்கிலாந்தின் வீரர்கள் சங்கமும் பிரீமியர் லீக்கும் சேர்ந்து 10 லட்சம் பவுண்டில் ஒரு மூளைநல நிதி தொடங்கின. அது அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும். எல்லை தாண்டிப் போய் ஆடியவருக்கு அந்தக் கதவு திறக்கும். இங்கேயே பிறந்து இங்கேயே ஆடி இங்கேயே முடித்தவருக்கு, எங்கள் தாத்தாவைப் போன்றவருக்கு, திறக்காது. விசுவாசமாக ஊரோடு இருந்ததற்கு இதுதான் பலன் என்றால் என்ன சொல்வது?

இதற்கெல்லாம் ஹெடர்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். தனி ஒருவர் விஷயத்தில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. மெக்நீல் விஷயத்திலும் நான் சொல்லவில்லை, தாத்தா விஷயத்திலும் சொல்லவில்லை. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பது உங்கள் வாசலிலேயே, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் குழுவினர் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் மருத்துவப் பதிவுகளை எடுத்து, அதே வயது, அதே பின்னணி கொண்ட சுமார் 23,000 பேரோடு ஒப்பிட்டார்கள். 2019 அக்டோபரில் முடிவு வந்தது. மூளை சிதையும் நோய்களால் வீரர்கள் இறப்பது மற்றவர்களைப் போல 3.5 மடங்கு. அல்சைமர் என்று மட்டும் எடுத்தால் சுமார் 5 மடங்கு. இதய நோயிலும் நுரையீரல் புற்றுநோயிலும் அவர்கள் குறைவாகவே இறந்திருக்கிறார்கள், அதாவது உடம்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது, தலைதான் போயிருக்கிறது. 2021இல் அடுத்த கட்ட ஆய்வு வந்தது. டிஃபெண்டர்களுக்குச் சுமார் 5 மடங்கு ஆபத்து, பந்தைக் கையால் பிடிக்கும் கோல்கீப்பர்களுக்குப் பெரிதாக வித்தியாசம் இல்லை. எத்தனை ஆண்டுகள் ஆடினார்களோ அந்த அளவுக்கு ஆபத்தும் கூடுகிறது. இன்னொன்று, பழைய தோல் பந்துதான் காரணம், இப்போது பந்து மாறிவிட்டது என்று ஒரு சமாதானம் சொல்வார்கள் இல்லையா, அந்த ஆய்வில் காலம் மாறியும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆய்வு நடந்தது ஸ்காட்லாந்து வீரர்களை வைத்து. பணம் கொடுத்தது இங்கிலாந்தின் கால்பந்து சங்கமும் அங்குள்ள வீரர்கள் சங்கமும். இதைப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது, நான் இந்த நாட்டுக்காரன்கூட இல்லை.

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2020இல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெடர் கூடாது என்றீர்கள். 2022 நவம்பரில், தொழில்முறை கிளப்கள் ஆட்டத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும் ஹெடர் பயிற்சி கொடுக்க வேண்டாம் என்றீர்கள். மற்ற பல நாடுகள் யோசித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் முன்னால் போனீர்கள். ஹாம்ப்டனில் இருக்கும் அருங்காட்சியகமும் அல்சைமர் ஸ்காட்லாந்து அமைப்பும் சேர்ந்து நடத்தும் கால்பந்து நினைவுகள் திட்டம் தங்கமான திட்டம். அந்தப் பழைய படங்களைக் கையில் கொடுத்தால், பேசாதவர்கள் ஒரு பெயரைச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், பிள்ளைகளுக்குத் தடை போட்டீர்கள், இளைஞர்களுக்கு வரம்பு வைத்தீர்கள். ஆபத்து இருக்கிறது என்று நம்பியதால்தானே? அப்படியானால் எந்த வரம்பும் இல்லாமல் இருபது வருஷம் முட்டியவர்களுக்கு வெறும் பழைய படங்கள் மட்டும் போதும் என்று எப்படித் தோன்றியது?

இந்த நாட்டுக்கு இது புதிய வாதமும் இல்லை. ஜாக் ஸ்டீன் மேனேஜர் ஆவதற்கு முன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அவரோடு சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு நுரையீரல் போனால், அது தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, இழப்பீடு உண்டு. 2009இல் சுரங்கத் தொழிலாளிகளின் முழங்கால் தேய்மானத்தைக்கூடப் பட்டியலில் சேர்த்தார்கள். இந்தச் சுரங்கத்துத் தூசிதான் இந்த மனிதரின் நெஞ்சை அடைத்தது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த வேலை செய்தார், அந்த நோய் வந்தது, அது போதும். பட்டியலுக்குப் பரிந்துரை செய்யும் ஆலோசனைக் குழு வழக்கமாகப் பார்க்கும் அளவுகோல், ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதா என்பது. இங்கே 3.5. இங்கிலாந்தில் முன்னாள் கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்லின் மரணத்துக்குத் தொழில் நோய்தான் காரணம் என்று விசாரணை அதிகாரி 2002லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சுரங்கங்கள் இருந்த ஒரே லனார்க்‌ஷயர் ஊரில், சுரங்கத்துக்குப் போன அண்ணனின் நெஞ்சு வேலையில் கெட்டதாம், கால்பந்துக்குப் போன தம்பியின் மூளை தானாகக் கெட்டதாம்.

ஃபிராங்க் கோபெல் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். டண்டீ யுனைட்டெட்டில் பத்து வருஷம் லெஃப்ட் பேக், 1979லும் 1980லும் லீக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். 60 வயது ஆகும் முன்பே டிமென்ஷியா. 65 வயதானால்தான் அன்றாடப் பராமரிப்பு இலவசம் என்பது அப்போதைய சட்டம். அவருக்கு 65 ஆனது, 19 நாளில் இறந்துபோனார், 2014 ஏப்ரலில். அவர் மனைவி அமாண்டா விடாமல் போராடி, 2019 ஏப்ரல் 1 முதல் வயது வரம்பையே எடுக்கவைத்தார். ஒரு சட்டத்தை மாற்ற ஒரு வீரரின் மனைவி தனியாக அலைய வேண்டியிருந்தது. அந்தச் சட்டமும் பராமரிப்புச் செலவைத்தான் தாங்கும், கேர் ஹோமில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கையில் சேமிப்பு இருப்பவர்கள் கட்டித்தான் ஆக வேண்டும். மொத்தமாக வாரத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். தாத்தாவின் மனைவி இன்னும் அந்த வீட்டில் இருப்பதால் வீடு தப்பித்தது, தொழிற்சாலையில் சேர்த்த சேமிப்பு கரைந்துவிட்டது. கால்பந்தில் சேர்த்தது என்று எதுவும் இல்லை, பெட்டியில் ஒரு பதக்கம் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

உலகக் கோப்பையிலிருந்து வரும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து பணம் போடும் ஒரு மூளைநல நிதியைத் தொடங்குங்கள். ஸ்காட்லாந்து கிளப்களில் மட்டும் ஆடியவர்கள், பகுதிநேர வீரர்கள், பெண்கள் எல்லோரும் அதில் வர வேண்டும். பெரிய பெயரா சின்னப் பெயரா என்று பார்க்காதீர்கள், பந்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நோயாளியின் கட்டணத்துக்கு மட்டுமல்லாமல், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கு மாதத்தில் சில நாளாவது ஓய்வு கிடைக்கவும் அதில் வழி இருக்கட்டும். விண்ணப்பப் படிவம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம், அதை நிரப்பப் போகிறவருக்கும் எழுபது எண்பது வயதாகியிருக்கும்.

முன்னாள் வீரர்களின் மூளைச் சிதைவைத் தொழில் நோயாகச் சேர்க்கச் சொல்லி, லண்டனில் இருக்கும் ஆலோசனைக் குழுவுக்கும் எடின்பரோ அரசுக்கும் உங்கள் பெயரில், பகிரங்கமாக எழுதுங்கள். வேலை கொடுத்த பக்கத்திலிருந்தே ஆமாம் என்று ஒரு குரல் வந்தால், குடும்பங்கள் கத்துவதை விட அதற்கு எடை அதிகம்.

ஒவ்வொரு கிளப்பும் தன்னிடம் இருக்கும் பழைய ஒப்பந்தங்கள், அணிப் பட்டியல்கள், சம்பளக் கணக்குகளைத் தேடி எடுத்து உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். குடும்பம் கேட்டால் 30 நாளுக்குள் சான்று கொடுங்கள். கிளப்பிடம் காகிதம் இல்லையென்றால் சங்கத்தின் வீரர் பதிவை வைத்து நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.

2022இல் சொன்ன ஹெடர் வரம்புகளைக் கிளப்கள் உண்மையிலேயே பின்பற்றுகின்றனவா என்பதை வருஷா வருஷம் வெளியிடுங்கள், மீறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து.

கடைசியாக, கேர் ஹோம்களுக்கும் ஒரு தொலைபேசி எண் கொடுங்கள். எங்களிடம் ஒரு முன்னாள் வீரர் வந்து சேர்ந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கூப்பிட்டால் எடுக்க ஒரு ஆளைப் போடுங்கள். இந்தக் கோரிக்கைகளுக்கு உங்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கிளாஸ்கோ பக்கத்துக் கேர் ஹோம் ஒன்றின் பணியாளர்